பாரிசில் இரண்டு மூன்று இரவுகள்: கட்டுப்படியாகும் ஹோட்டலை எங்கே தேடுவது

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் வசிக்கும் எனக்குப் பாரிஸ், அதிவேக ரயிலில் மூன்றேகால் மணி நேரத்தில் எட்டிவிடும் ஊர். அலுவலக வேலைக்காகவும், தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்களை அழைத்துச் சென்று காட்டுவதற்காகவும் பல ஆண்டுகளாக அங்கே போய் வருகிறேன். பெரும்பாலும் இரண்டு இரவு, மிஞ்சினால் மூன்று. இத்தனை காலம் வெவ்வேறு பகுதிகளில் தங்கிப் பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. குறுகிய பயணத்தில் ஹோட்டல் நல்ல இடத்தில் இருக்கிறதா என்பதை ஐஃபில் கோபுரத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து முடிவு செய்யக் கூடாது. வந்து இறங்கும் நிலையத்திலிருந்தும் திரும்பிப் போகும் நிலையத்திலிருந்தும் பெட்டியோடு எத்தனை முறை வண்டி மாற வேண்டும், எத்தனை படி ஏறி இறங்க வேண்டும் என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஒரு வாரம் தங்குபவருக்கு வந்த நாளின் அலைச்சலும் போகும் நாளின் அலைச்சலும் பெரிதாகத் தெரியாது. இரண்டு இரவுக்காரருக்கோ மொத்தப் பயணத்தில் கால்வாசி அதிலேயே போய்விடும்.

முதன்முறை செல்பவர்கள் பெரும்பாலும் கோபுரத்தை ஒட்டிய 7ஆம் வட்டாரத்தில்தான் (பாரிசின் நிர்வாகப் பகுதிகளை எண்ணிட்டே அழைக்கிறார்கள்) தேடுகிறார்கள். அமைச்சகங்களும் தூதரகங்களும் வசதியானவர்களின் குடியிருப்புகளும் நிறைந்த, அழகும் அமைதியும் உள்ள பகுதி அது என்பதில் மறுப்பில்லை. ஆனால் கோபுரத்தை ஒரு மாலை பார்ப்போம். லூவர் அருங்காட்சியகம், நோத்ர்தாம் தேவாலயம், மோன்மார்த்ர் குன்று என்று மற்ற எல்லாம் வேறு திசைகளில் இருக்கின்றன. ஒரு மாலைக் காட்சிக்காக ஒவ்வோர் இரவும் கூடுதல் வாடகை கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. மோன்மார்த்ர் பக்கம் அறைகள் சற்று மலிவாகக் கிடைப்பதுண்டு. ஆனால் அங்கே இருப்பது மேடும் படிக்கட்டும். அந்தக் குன்றின் அபெஸ் நிலையம் தரைக்குக் கீழே 36 மீட்டர் ஆழத்தில் உள்ளது. பாரிஸ் மெட்ரோவின் மிக ஆழமான நிலையங்களில் அதுவும் ஒன்று. லிஃப்டுக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டால் சுழல் படிக்கட்டில் பெட்டியைத் தூக்க வேண்டியிருக்கும்.

தேடும் எல்லையை மாற்றிய விஷயம் ஒன்று 2025 ஜனவரியில் நடந்தது. அதற்கு முன் புறநகர் ரயிலில் தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் கூடும். ஆகவே நகர எல்லைக்கு வெளியே மலிவான அறை எடுத்தால், மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பங்கு தினசரி டிக்கெட்டிலேயே கரைந்துவிடும். இப்போது பாரிசைச் சூழ்ந்த மாநிலம் முழுவதற்கும் மெட்ரோவுக்கும் புறநகர் ரயிலுக்கும் ஒரே கட்டணம். 2025இல் அது 2.50 யூரோ. பேருந்துக்கும் டிராமுக்கும் 2 யூரோ. விமான நிலையப் பயணத்துக்கு மட்டும் தனியாக 13 யூரோ. நகர எல்லைக்கு வெளியே உள்ள லா தெஃபான்ஸ் போன்ற அலுவலகப் பகுதிகளும் வார இறுதிப் பயணத்துக்குக் கணக்கில் சேர்க்கத் தக்கவை. வார நாட்களில் கோட்டும் சூட்டுமாக நிரம்பி வழியும் அங்குள்ள ஹோட்டல்கள் வெள்ளி மாலையிலிருந்து ஆளில்லாமல் விலையைக் குறைக்கின்றன. அதே பணத்துக்கு நகர நடுவில் கிடைப்பதைவிடப் பெரிய அறை கிடைக்கும். மெட்ரோ 1ஆம் தடம் அங்கிருந்து நேராக லூவருக்கும் கார் து லியோன் ரயில் நிலையத்துக்கும் போகிறது. குறை என்னவென்றால், இரவில் அந்தக் கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே காற்றைத் தவிர வேறொன்றும் இருக்காது. தனியாகச் செல்லும்போது எனக்கு அது பொருட்டில்லை. குடும்பத்தோடு சென்றால் அங்கே தங்குவதில்லை.

குடும்பத்தோடு, அதிலும் வயதானவர்களோடு செல்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லக்கூடியது மெட்ரோ 14ஆம் தடத்தை ஒட்டிய பகுதி. பாரிஸ் மெட்ரோ நூறாண்டுக்கும் மேல் பழையது. பல நிலையங்களில் படிக்கட்டுதான் வழி. 1998இல் திறக்கப்பட்ட 14ஆம் தடத்திலோ எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் உண்டு. ஓட்டுநர் இல்லாமல் ஓடும் வண்டி. நடைமேடையில் கண்ணாடிக் கதவுகள். 2024 ஜூனில் இது தெற்கே ஓர்லி விமான நிலையம் வரையும் வடக்கே சென் தெனி பிளேயெல் வரையும் நீட்டப்பட்டது. நடுவில் சென் லசார், மாதலேன், பிரமிட், ஷாத்லே, கார் து லியோன், பெர்சி என்று ஊர் பார்க்க வந்தவருக்குத் தேவையான நிறுத்தங்கள் வரிசையாக வருகின்றன. இதன் தென்கிழக்குப் பகுதியில், அதாவது 12ஆம் வட்டாரத்தின் பெர்சி, கூர் செந்தெமிலியோன் நிலையங்களைச் சுற்றியும் 13ஆம் வட்டாரத்தின் பிப்ளியோதேக், ஒலிம்பியாத் நிலையங்களைச் சுற்றியும் நடுத்தர விலை ஹோட்டல்கள் நிறைய இருக்கின்றன. பிப்ளியோதேக் நிலையத்திலிருந்து ஷாத்லே நான்காவது நிறுத்தம். பத்து நிமிடம்கூட ஆகாது. வரைபடத்தில் பார்த்தால் தொலைவாகத் தெரியும் ஹோட்டலிலிருந்து, பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும் பல ஹோட்டல்களைவிட விரைவாக நோத்ர்தாமுக்குப் போய்விடலாம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, அறை எப்படி என்று ஒருநாளும் கேட்டதில்லை, “லிஃப்ட் இருக்காடா?” என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பழைய பாரிசில் ‘இருக்கிறது’ என்ற பதில் போதாது. நகர நடுவிலுள்ள பழைய கட்டடங்களில் லிஃப்டைப் பிற்காலத்தில் படிக்கட்டின் சுழலுக்கு நடுவே செருகியிருப்பார்கள். கதவைச் சாத்தினால் இரண்டு தோளும் சுவரில் உரசும். ஓர் ஆள், ஒரு பெட்டி, அவ்வளவுதான் இடம். அப்பாவை ஏற்றி அனுப்பிவிட்டு, பிறகு பெட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிப் பொத்தானை அழுத்திவிட்டு, அவை போய்ச் சேர்வதற்குள் நான் படியேறி மேலே நிற்க வேண்டும். போதாக்குறைக்கு அந்த லிஃப்ட் முதல் மாடியில்தான் தொடங்கும் ஹோட்டல்களும் உண்டு. பெர்சி, பிப்ளியோதேக் பகுதிக் கட்டடங்களில் பல கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் எழுந்தவை என்பதால் இந்தத் தொல்லை குறைவு. ஒலிம்பியாத் பக்கம் சீன, வியட்நாமியக் கடைகள் நிறைந்திருப்பதால், இரவில் சோறு சாப்பிடாவிட்டால் தூக்கம் வராது என்பவர்களுக்கும் வழி பிறக்கிறது.

தனியாகவோ நண்பர்களோடோ சென்றால் என் தேர்வு வேறு. ஸ்டுட்கார்ட் ரயில் வந்து நிற்பது கார் து லெஸ்ட் நிலையம். அதற்குப் பக்கத்திலேயே கார் து நோர். அதற்கு வடக்கே லாச்சப்பல். ஈழத்தமிழர் கடைகளும் உணவகங்களும் வரிசைகட்டி நிற்கும் அந்தத் தெருக்களில் காலையில் இட்லி, இரவில் கொத்துரொட்டி என்று கையைக் கடிக்காமல் சாப்பிடலாம். சற்று நடந்தால் பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம். இந்த இரு நிலையங்களும் இருக்கும் 10ஆம் வட்டாரத்தில் இரு நட்சத்திர, மூன்று நட்சத்திர ஹோட்டல்கள் நெருக்கமாக இருப்பதால் போட்டி அதிகம், விலையும் கட்டுக்குள் இருக்கும். இருவர் அறை ஓர் இரவுக்கு 120 யூரோவுக்குள் என்ற என் வரம்பை, கடைசி நேரத்தில் தேடினாலொழிய, இங்கே பெரும்பாலும் மீற வேண்டியதில்லை. ஷார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து வரும் புறநகர் ரயிலும் லண்டன் யூரோஸ்டார் ரயிலும் கார் து நோர் நிலையத்துக்கே வருகின்றன. நிலைய வாசலில் இரைச்சலும் நெரிசலும் உண்டு, பிக்பாக்கெட்டும் உண்டு. கைப்பேசியைக் கையில் பிடித்தபடி வழி தேடி நிற்காமல் இருப்பது நல்லது. இன்னொன்று: இரண்டு ரயில் நிலையங்களுக்கும் இடையே நடக்கும்போது கைப்பேசி காட்டும் குறுக்கு வழி அல்சாஸ் தெருவின் நெடிய படிக்கட்டில் கொண்டுபோய் விடும். உருளும் பெட்டியோடு இருப்பவர்கள் ஃபோபூர் சென் தெனி தெரு வழியாகச் சுற்றிப் போனால் ஒரு படிகூட ஏற வேண்டாம்.

நால்வராக விமானத்தில் வருபவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். 2025 கட்டணப்படி ரயிலுக்கு நால்வருக்கு 52 யூரோ. ஷார்ல் து கோலிலிருந்து சேன் ஆற்றின் வலது கரையில் எந்த முகவரிக்கும் டாக்ஸிக்கு அந்த ஆண்டு அரசு நிர்ணயித்த ஒரே கட்டணம் 56 யூரோ. இடது கரைக்கு 65. நான்கு யூரோ வித்தியாசத்தில் ஹோட்டல் வாசலிலேயே இறங்கலாம் என்றால், பெட்டிகளோடு ரயிலுக்குள் முண்டியடிக்க எந்தக் காரணமும் இல்லை. பெர்சி வலது கரை, ஒலிம்பியாத் இடது கரை என்பதும் இங்கே கவனிக்கத் தக்கது.

விலையைப் பொறுத்தவரை, திரையில் தெரியும் தொகை முழுத் தொகையன்று. பாரிசில் தங்கல் வரி ஆளுக்கு, இரவுக்கு என்று வசூலிக்கப்படுகிறது; நட்சத்திரத்தைப் பொறுத்து அது மாறும். 2024இல் அதைப் பெருமளவு உயர்த்தினார்கள். அந்த ஆண்டின் விகிதப்படி இரு நட்சத்திரத்துக்கு 3.25, மூன்று நட்சத்திரத்துக்கு 5.20, நான்கு நட்சத்திரத்துக்கு 8.13 யூரோ. பெரியவர்கள் நால்வர் மூன்று நட்சத்திர ஹோட்டலில் இரண்டு இரவு தங்கினால் வரி மட்டும் 41.60 யூரோ. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வரி இல்லை. முன்பணம் முழுவதையும் கட்டிவிட்டாலும், இந்தத் தொகையை வரவேற்பில் தனியாகக் கேட்கும் ஹோட்டல்கள் பல. நட்சத்திரம் கூடினால் அறை பெரிதாகும் என்றும் நம்பிவிட முடியாது. பிரெஞ்சு விதிப்படி மூன்று நட்சத்திரத்தில் இருவர் அறைக்குக் குளியலறையும் சேர்த்து 13.5 சதுர மீட்டர் இருந்தாலே போதும். இரண்டு பெரிய பெட்டிகளைத் திறந்து வைத்தால் கட்டிலைச் சுற்றி நடக்க வழியிருக்காது.

பருவமும் கிழமையும் விலையை ஆட்டிவைக்கின்றன. செப்டம்பர் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் ஃபேஷன் வாரங்கள், ஒற்றைப்படை ஆண்டு ஜூனில் லெ பூர்ஜே விமானக் கண்காட்சி ஆகியவை நடக்கும்போது அதே அறை வேறு விலைக்குப் போகும். ஜனவரியிலும், பாரிஸ்காரர்களே ஊரைக் காலி செய்துவிட்டுக் கடற்கரைக்குப் போகும் ஆகஸ்டிலும் எனக்கு நல்ல விலை கிடைத்திருக்கிறது. ஞாயிறு இரவு பெரும்பாலும் மலிவு. ஆகஸ்டில் போவதென்றால் ஏசி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஐரோப்பாவில் ஏசி எதற்கு என்று கேட்பவர்களுக்கு, 2019 ஜூலை 25 அன்று பாரிசில் 42.6 டிகிரி செல்சியஸ் பதிவானதைச் சொன்னால் போதும்.

முன்பதிவுத் தளங்களை நான் பட்டியல் போடவும், வரைபடத்தில் இடம் பார்க்கவும், புதிய விமர்சனங்களைப் படிக்கவும் பயன்படுத்துகிறேன். மொத்த மதிப்பெண்ணைவிடக் கடந்த சில மாதங்களில் எழுதப்பட்டவற்றில் லிஃப்ட், சத்தம், வெந்நீர் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதையே பார்ப்பேன். பிறகு ஹோட்டலின் சொந்தத் தளத்துக்குப் போவேன். தளங்களில் உள்ள விலையைவிடக் குறைத்து ஹோட்டல்கள் நேரடியாக விற்கக் கூடாது என்ற ஒப்பந்தக் கட்டுப்பாட்டைப் பிரான்ஸ் 2015இலேயே சட்டம் போட்டு நீக்கிவிட்டதால், நேரடி விலை சில யூரோவாவது குறைவாக இருப்பதுண்டு. சில நேரம் காலை உணவைச் சேர்த்துத் தருவார்கள். காலை உணவுக்குத் தனியாகப் பணம் கேட்டால் நான் வாங்குவதில்லை. தெருமுனை பேக்கரியின் சுடச்சுடக் குருவாசோன் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும். இந்தியாவிலிருந்து ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் தங்குமிடச் சான்றைக் காட்ட வேண்டியிருப்பதால், கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, விசா கைக்கு வந்த பின் விலையை மீண்டும் ஒப்பிடலாம்.

தனியார் வீடுகளை இரண்டு இரவுக்கு எடுப்பதில் எனக்கு நாட்டமில்லை. சுத்தம் செய்யும் கட்டணம் ஏழு இரவில் பரவினால் தெரியாது. இரண்டு இரவில் பரவினால் ஹோட்டல் விலையைத் தாண்டிவிடும். சமையலறை வேண்டுமென்றால் அடாஜியோ, சிட்டாடின் போன்ற அடுப்புள்ள ஹோட்டல் குடியிருப்புகள் உண்டு. நான்கு பேருக்கு இரண்டு அறை எடுப்பதைவிட அது குறைவாகவே முடிகிறது.

ஹோட்டலின் உண்மையான மதிப்பு தெரிவது கிளம்பும் நாளில். பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், ரயிலோ மாலையில். பெரும்பாலான ஹோட்டல்கள் பெட்டியைக் காசில்லாமல் வைத்துக்கொள்ளும், ஆனால் அதை எடுக்க நாம்தான் திரும்பி வர வேண்டும். ஊரின் மறுகோடியில் தங்கியிருந்தால் அன்றைய பிற்பகல் பெட்டிக்காகவே போய்விடும். அதனால்தான் எந்த நிலையத்திலிருந்து கிளம்புகிறோம் என்பதை முடிவு செய்த பிறகே தேடலைத் தொடங்குகிறேன். கார் து லெஸ்ட் என்றால் 10ஆம் வட்டாரம், கார் து லியோன் அல்லது ஓர்லி என்றால் 14ஆம் தடம்.