ஆர்.எஸ்.புரம் பென்ட்ஹவுஸ்: குடியிருந்து பார்த்தவள் சொல்வது

கோயம்புத்தூரில் உச்சிமாடி வீடு தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "மலை தெரியுமா?" என்றுதான். எங்கள் வீட்டில் தெரிகிறது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பழைய பங்களா இருந்த இடத்தில் எழுந்த அடுக்குமாடி அது. அதன் தலையில் இரண்டு தளமாக எங்கள் வீடு. இரண்டாள் உயரத்துக்கும் மேலான கூடம், கூடத்திலிருந்தே ஏறும் இரும்புப் படி, மேலே கூடத்தை எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு லாஃப்ட் படுக்கையறை, வெளியே திறந்த மாடி. மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. வேளாண் பல்கலைக்கழகத்து மரங்கள், அதைத் தாண்டி மருதமலை, மழை ஓய்ந்த நாட்களில் அதற்கும் பின்னால் அடுக்கடுக்காக நீலம். விற்றவர்கள் இந்தக் காட்சிக்குத்தான் விலை வைத்தார்கள், நாங்களும் இதற்குத்தான் கொடுத்தோம்.

ஒன்றை மட்டும் அவர்கள் சொல்லவில்லை. கோவைக்கு மலை மேற்கே இருக்கிறது, மாலை வெயிலும் மேற்கிலிருந்துதான் வருகிறது. மலை வேண்டும் என்றால் மார்ச்சிலிருந்து மே வரை மூன்று மணிக்கு மேல் அடிக்கிற வெயிலையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். உள்ளே எவ்வளவு கனமான திரை போட்டாலும் பெரிய பயனில்லை. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த சூடு திரைக்குப் பின்னால் நின்றாலும் வீட்டுக்குள்தான் நிற்கிறது. வெயிலை வெளியிலேயே மறிக்க வேண்டும். கண்ணாடிக்கு வெளியே சுருட்டி இறக்குகிற மூங்கில் தட்டி கட்டிய பிறகுதான் கூடத்தில் உட்கார முடிந்தது. லட்சக்கணக்கில் செலவழித்து இன்டீரியர் செய்த வீட்டைக் காப்பாற்றுவது சந்தையில் வாங்கிய தட்டி!

தட்டி கட்டியும் தீராதது கூரைச் சூடு. கான்கிரீட் பகலில் குடித்த வெயிலை உடனே இறக்காது. சில மணி நேரம் கழித்து மெதுவாகக் கீழே விடும். சாயங்காலம் வெளியே காற்று குளிர்ந்த பிறகும், இரவு ஒன்பது மணிக்குக் கூரையின் அடிப்பக்கம் கை வைத்தால் வெதுவெதுவென்றிருக்கும். அந்தக் கூரைக்கு நேர் கீழேதான் லாஃப்ட் படுக்கையறை. சூடான காற்று மேலே ஏறும், கூடத்து ஏசி விடுகிற குளிர்ச்சி கீழேயே தங்கிவிடும். கீழே சோபாவில் இருப்பவர் போர்வை கேட்பார், மேலே இருப்பவர் விசிறி தேடுவார். லாஃப்டின் திறந்த பக்கத்துக்கு நகரும் கண்ணாடித் தடுப்பு போட்டு, அந்த அறைக்குத் தனி ஏசி வைத்த பிறகுதான் கோடையில் தூங்க முடிந்தது. கூரை மேல் வெள்ளை கூலிங் டைல்ஸ் பதித்ததில் நல்ல வித்தியாசம் தெரிந்தது. இதைக் கட்டும்போதே செய்திருந்தால் செலவு பாதிதான் ஆகியிருக்கும். உயரமான கூடத்தின் அழகைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அங்கே ஒட்டடை அடிக்கவும் ஒரு பல்பு மாற்றவும் ஆள் வைத்துச் சாரம் கட்ட வேண்டும் என்பதை யாரும் பேசுவதில்லை.

ஜூன் பிறந்தால் கதை மாறும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற தென்மேற்குக் காற்றுதான் பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றுகிறது. அதே காற்று எங்கள் கண்ணாடிக் கதவின் இடுக்கில் இரவெல்லாம் விசில் அடிக்கும். ஆடிக்காற்றில் அம்மியே நகரும் என்பார்கள். எங்கள் மாடியில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒரு தடவை பக்கத்துக் கட்டடத்துத் தொட்டி மேல் போய் உட்கார்ந்திருந்தது. ஸ்லைடிங் கதவின் ரப்பர் பீடிங்கை மாற்றியதும் விசில் நின்றது. ஆனாலும் அந்த இரண்டு மாதம்தான் வருடத்திலேயே சுகமான காலம். ஏசி தொடுவதே இல்லை. காற்றும் சாரலும் மலை மேல் மேகமுமாக, கீழ்த்தளத்துக்காரர்களுக்குக் கிடைக்காத ஒன்று நமக்கு மட்டும் கிடைக்கிறது என்று தோன்றும். கொடுத்த பணத்துக்கு நியாயம் தெரிவது அப்போதுதான்.

தண்ணீர் விஷயத்தில்தான் பலருக்கும் ஆச்சரியம். தொட்டி தலைக்கு மேலேயே இருக்கிறது, அப்புறம் ஷவரில் ஏன் நூல் மாதிரி வருகிறது? வந்து பார்த்த பிளம்பர் தம்பி ஒரே வரியில் சொன்னார்: "தொட்டிக்கும் உங்க பாத்ரூமுக்கும் பத்தடி கூட இல்லீங்க்கா, தண்ணி எப்படீங்க வேகமா வரும்?" கணக்கு அவ்வளவுதான். பத்து மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஒரு பார் அழுத்தம். முதல் மாடிக்காரருக்கு அது தாராளமாகக் கிடைக்கும், நமக்குக் கால்வாசிக்குக் கொஞ்சம் கூட. இறக்குமதி ரெயின் ஷவருக்கு அது போதாது. பிரஷர் பம்ப் வைத்தோம். கரன்ட் போனால் மறுபடி நூல்தான், அதனால் பம்பையும் இன்வெர்ட்டரில் சேர்த்தாயிற்று. குழாயில் வருவது சிறுவாணி என்பதால் மற்ற குறையெல்லாம் மன்னிக்கப்படும். போர்த் தண்ணீரில் காலம் தள்ளியவர்களுக்குத்தான் அந்தச் சுவையின் அருமை புரியும்.

மாடித் தோட்டத்துக்கு வருகிறேன். அன்னூர்ப் பக்கம் தோட்டத்திலேயே வளர்ந்தவர் என் அத்தை, வீட்டுக்காரரின் அம்மா. வந்த புதிதில் கண்ணாடி முன் நின்று, "மலையப் பாத்துக்கிட்டே இருந்தா ஆச்சா அம்மிணி, நாலு கீரையாச்சும் போட வேண்டாமா?" என்றார். மாடி நெடுக ஒரு அடி ஆழத்துக்குப் பாத்தி கட்டுவது என்று திட்டம். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நின்ற இடத்திலேயே வேண்டாம் என்றார். ஆட்கள் நடமாடுகிற மொட்டை மாடியை வழக்கமாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கூடுதல் பாரத்துக்குத்தான் வடிவமைப்பார்கள். ஒரு அடி ஈர மண்ணோ அதே இடத்தில் 500 கிலோவுக்குக் குறையாது. அதனால் பாத்தி போய்ப் பைகள் வந்தன. மண்ணுக்குப் பதில் பாதிக்கு மேல் பொள்ளாச்சி தென்னை நார்க்கழிவு, கொஞ்சம் மண்புழு உரம். பைகளைக் கைப்பிடிச் சுவரை ஒட்டி, கீழே பீம் ஓடும் வரிசையில் மட்டும் வைத்தோம். அரைக்கீரை, கத்தரி, பந்தலில் அவரை எல்லாம் காய்க்கிறது. ஆடிக்காற்றுக்கு அவரைப் பந்தல் மட்டும் நிற்பதில்லை.

கசிவு பற்றிச் சொல்லாமல் விட்டால் இது விளம்பரமாகிவிடும். ஐப்பசி மழைக்குக் கூடத்து மூலையில் ஈரம் பூத்தது. கட்டிய நிறுவனத்துக்கு ஃபோன் செய்தால் இன்று, நாளை என்று இழுத்தார்கள். வீடு கட்டி விற்பவர்களைக் கட்டுப்படுத்துகிற ரெரா சட்டத்தில் 14(3) என்று ஒரு பிரிவு இருக்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறையையோ வேலைத் தரத்தின் குறையையோ எடுத்துச் சொன்னால், 30 நாளுக்குள் தனிக் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். அதைக் குறிப்பிட்டு, படங்களோடு பதிவுத் தபாலில் எழுதினோம். வாட்டர்ப்ரூஃபிங் முழுவதையும் புதிதாகச் செய்து கொடுத்தார்கள். பேசிக்கொண்டே இருப்பதைவிட எழுதிப் போடுவது மேல். உச்சிமாடிக்காரருக்கு இந்த 5 வருடம் மற்றவர்களைவிட முக்கியம், ஏனென்றால் கூரை உங்களுடையது.

உங்களுடையதுதானா என்பதையும் பத்திரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அதே சட்டத்தில் பொது மொட்டை மாடி எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொதுவான இடம். வீட்டோடு ஒட்டி, அந்த வீட்டுக்காரரின் தனி உபயோகத்துக்கென்று ஒதுக்கிய திறந்த மாடி வேறு. பிளானில் எந்தப் பகுதி எது என்று கோடு போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். "மாடி முழுக்க உங்களுக்குத்தானுங்க" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் நம்பாதீர்கள். எங்களுக்குப் பிரச்சினை வரவில்லை. ஆனாலும் தொட்டி கழுவ, லிஃப்ட் மெஷின் பார்க்க, டிஷ் திருப்ப என்று யாராவது எங்கள் கதவுப் பக்கம் வந்துகொண்டே இருப்பார்கள். தனிமைக்காக உச்சிமாடி என்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கட்டும். மெயின்டனன்ஸ் சதுர அடிக் கணக்கில் என்பதால் கட்டடத்திலேயே அதிகம் கட்டுவதும் நாங்கள்தான். லிஃப்ட் நின்ற நாளில் அத்தை கோயிலுக்குப் போவதில்லை.

கோயில் என்றால் ரத்தின விநாயகர். வீட்டைவிட எனக்குப் பிடித்தது இந்தப் பேட்டைதான். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் ஊரை உலுக்கிய பிறகு, நெரிசலான பழைய ஊரை விட்டு விரிந்த பகுதி இது. பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்னும் அந்தக் காலத்தைச் சொல்லிக்கொண்டு நிற்கின்றன. நகராட்சித் தலைவராக இருந்த ரத்தினசபாபதி முதலியாரின் பெயர்தான் ஆர்.எஸ். சிறுவாணித் தண்ணீருக்கு முன்னின்றவரும் அவரே. திவான் பகதூர் ரோடும் அவர் பட்டத்தின் பெயரில்தான். மாடியிலிருந்து பார்த்தால் தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடுவது தெரியும். காலையில் உழவர் சந்தை, விசேஷம் என்றால் பூ மார்க்கெட், சமைக்கச் சோம்பலாக இருந்தால் அன்னபூர்ணா சாம்பார். எதற்கும் கார் எடுக்க வேண்டாம். 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் நடந்து போகிற தூரம். பெரிய காம்பவுண்டும் மாமரமுமாக இருந்த பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுவதும் மேலிருந்து நன்றாகத் தெரிகிறது. நாங்கள் இருப்பதே அப்படி ஒன்றின் மேல்தான் என்பதால் அதைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை.

இப்போது இரண்டு தெரு தள்ளி இதே மாதிரி ஒரு வீடு விலைக்கு வருகிறது. என் தங்கை குடும்பம் பார்க்கிறது. சித்திரை வெயிலில் மூன்று மணிக்கு ஒரு தடவை, இரவு ஒன்பதுக்கு ஒரு தடவை போய்ப் பார், மேல் பாத்ரூம் குழாயைத் திறந்து பார் என்று சொல்லியிருக்கிறேன். புரோக்கர் காலை பத்து மணிக்குத்தான் சாவி இருக்கும் என்கிறாராம்.