நன்றிக் குறிப்பு: தினமும் எழுதுவதா, வாரம் ஒருமுறையா?

நன்றிக் குறிப்பு என்பது நமக்கு நடந்த நல்லவற்றை நன்றியோடு நினைத்து எழுதி வைப்பது. தினமும் எழுதுவதென்றால் படுக்கும் முன் 5 நிமிடம் போதும். அன்று நடந்த மூன்று நல்லவை, ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்று ஒரு வரி. உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழு 2005இல் ஒரு வாரப் பயிற்சியாகச் சோதித்த முறை இது. அந்த 'ஏன்'தான் இதற்கு உயிர். பலர் விட்டுவிடுவதும் அதைத்தான். விட்டால் பத்தே நாளில் "குடும்பம், உடல்நலம், வேலை" என்று மளிகைச் சீட்டு மாதிரி ஆகிவிடும். "குழாயில் தண்ணீர் வராதபோது எதிர்வீட்டு அக்கா இரண்டு குடம் கொடுத்தார்" என்று எழுதினால்தான் மனம் அந்த நேரத்துக்குத் திரும்பும்.

வாரம் ஒருமுறை என்றால் ஞாயிறு மாலை, 15 நிமிடம், ஐந்து விஷயம். உளவியலாளர் சோன்யா லுபோமிர்ஸ்கி குழுவின் ஆறு வார ஆய்வில் வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. சலிப்பு தட்டியிருக்கலாம். குறை ஒன்றுதான்: செவ்வாய்க்கிழமை குடித்த நல்ல காபி ஞாயிறுக்குள் மறந்துபோகும். அவ்வப்போது கைபேசியில் ஒரு சொல் குறித்து வையுங்கள்.

புதியவர்கள் முதல் வாரம் மட்டும் தினமும் எழுதிக் கை பழகி, பிறகு ஞாயிறுக்கு மாறலாம். துக்க வீட்டில் இருப்பவரை இரண்டுக்கும் வற்புறுத்த வேண்டாம்.