லாகின் ஆன பிறகு விபிஎன்னா, லாகினுக்கு முன்பே விபிஎன்னா?

வெளியிலிருந்து அலுவலக லேப்டாப்பைத் திறக்கிறீர்கள், லாகின் ஆகிறது, அலுவலக நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன்னும் பச்சை காட்டுகிறது, ஆனால் பகிர்ந்த ஃபோல்டரைத் தொட்டால் மட்டும் அனுமதி இல்லை என்கிறது. லாகின் செய்துவிட்டு அப்புறம் விபிஎன் போடுபவர்களுக்குப் பழகிய தொல்லை இது. பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் அலுவலக சர்வர் (டொமைன் கன்ட்ரோலர்) எட்டாதபோது விண்டோஸ், தான் சேமித்து வைத்த பழைய பாஸ்வேர்டு விவரத்தை வைத்தே உள்ளே விடும். நடுவில் வேறொரு கணினியில் பாஸ்வேர்டை மாற்றியிருந்தால் லேப்டாப்புக்கு அது தெரியாது, ஃபைல் சர்வர் மட்டும் புதியதைக் கேட்கும். விபிஎன் ஓடும்போதே திரையைப் பூட்டி, புதிய பாஸ்வேர்டால் திறந்தால் அநேகமாகச் சரியாகிவிடும். லாகின் ஆகும்போது பகிர்ந்த ஃபோல்டர்களைத் தானாக இணைத்துத் தரும் லாகின் ஸ்கிரிப்ட் ஓடாததால் வராத டிரைவை நீங்களேதான் இணைக்க வேண்டும்.

லாகின் திரையிலேயே விபிஎன்னை இணைத்தால் இந்தத் தலைவலி குறைவு. டொமைன் கன்ட்ரோலரே நேரடியாகச் சரிபார்க்கும், அந்த லேப்டாப்பில் இதுவரை நுழையாத புதியவரும் லாகின் ஆகலாம். ஆனால் பிரவுசரில் ஒப்புதல் கேட்கும் பொது வைஃபையில் மாட்டிக்கொள்வீர்கள், பிரவுசரைத் திறக்கவே முதலில் லாகின் ஆக வேண்டுமே! ஐடி ஆட்கள் முன்கூட்டியே அமைத்தும் தர வேண்டும்.

அமைத்துத் தருவார்கள் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். எதுவானாலும் கடிகாரத்தையும் ஒருமுறை பாருங்கள். லாகினைச் சரிபார்க்கும் கெர்பெரோஸ் முறை, இயல்பான அமைப்பில் லேப்டாப்புக்கும் சர்வருக்கும் இடையே 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும்.