மலையில் பெட்ரோல் கெடாமல் இருக்க: நிறைந்த டேங்க்கா, காலி டேங்க்கா?

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் டிசம்பர் பிறந்தால் தேயிலைக் கொழுந்து குறைந்துவிடும். பள்ளத்துத் தோட்டங்களில் உறைபனி விழுந்து இலை கருகும். கொழுந்து வெட்டும் மெஷினும் புல் வெட்டும் மெஷினும் பிப்ரவரி கடைசி வரை ஷெட்டில் கிடக்கும். கோடை மழைக்குப் பிறகு எடுத்துக் கயிற்றை இழுத்தால் உயிர் வராது. எனக்கு இரண்டு வருடம் தொடர்ந்து இப்படி ஆனது. மெக்கானிக், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பெட்ரோல் வரும் நுண்துளையான பித்தளை ஜெட்டின் வாயில் பச்சைப் படிவு, அடியில் தேன் நிறத்தில் பிசின். மோந்து பார்த்தால் பெட்ரோல் வாசனை போய், பழைய வார்னிஷ் வாசம்தான் வந்தது.

"அடுத்த தடவை டேங்க்கை ஃபுல்லா வெச்சிட்டுப் போங்கண்ணா" என்றார் அவர். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரோ, "ஒரு சொட்டு இல்லாம வடிச்சிடு தம்பி" என்றார். இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன்.

பெட்ரோல் இரண்டு வழியில் கெடுகிறது. ஒன்று, காற்று பட்டுப் பிசினாவது. கூடவே சீக்கிரம் ஆவியாகும் லேசான பகுதி பறந்துபோவது. அந்த லேசான பகுதிதான் குளிரில் எஞ்சினைக் கிளப்பிவிடும். இந்த வகையில் நம் மலைக் குளிர் நல்லதே செய்கிறது, சமவெளி வெயிலில் நடப்பதைவிட இங்கே எல்லாம் மெதுவாக நடக்கும். இரண்டாவது ஈரம். இங்கேதான் நாம் மாட்டிக்கொள்கிறோம். 2022-ல் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால், அதாவது ஆல்கஹால், வந்தது. 2023-ல் 20 சதவீதம் தொடங்கி இப்போது எல்லாப் பெட்ரோல் பங்கிலும் அதுதான். எத்தனால் தண்ணீரை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். 10 சதவீதக் கலவை 15 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 5 மில்லி தண்ணீர் வரைதான் தாங்கும். குளிர் கூடக்கூட இந்தத் தாங்கும் அளவு குறையும். கோவையில் தெளிவாக இருக்கிற அதே பெட்ரோல் இங்கே ஒரு உறைபனி இரவில் பிரிந்துபோகலாம்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு ஜாம் பாட்டில் போதும். போன ஜனவரியில், மூடி சரியாக இறுகாத கேனிலிருந்து கொஞ்சம் பிடித்து ஷெட் ஜன்னலில் வைத்தேன். சாயந்திரம் பளிங்காக இருந்தது. காலையில் பால் கலந்த மாதிரி மங்கியிருந்தது. அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு வேறொரு திரவம், நடுவில் பிளேடால் கீறியதுபோல ஒரு கோடு. டேங்க்கில் இருந்து எஞ்சினுக்குப் போகும் டியூப் அந்த அடித் திரவத்தில்தானே முங்கியிருக்கும்!

இனி விஷயத்துக்கு வருகிறேன். டேங்க்கை நிரப்புவதா, வடிப்பதா என்பது படகு வைத்திருப்பவர்களிடம் பழைய வாக்குவாதம். குளிர்காலத்தில் படகைக் கரையேற்றும் நாடுகளில், உள்ளே பொருத்திய பெரிய டேங்க்கை வடிப்பது பெரும்பாடு. அதனால் விரிவதற்கு இடம் விட்டு 95 சதவீதம் நிரப்பி, பெட்ரோல் சீக்கிரம் கெடாமல் இருக்கச் சேர்க்கும் ஸ்டெபிலைசர் மருந்தை ஊற்றி மூடிவிடுவார்கள். மேலே காற்றுக்கு இடம் குறைந்தால், பகலில் சூடாகி இரவில் குளிரும்போது டேங்க் உள்ளிழுக்கும் ஈரக் காற்றும் குறையும். சரியான யோசனைதான், நூறு லிட்டர் டேங்க்குக்கு. நம் மெஷினில் இருப்பது ஒரு லிட்டர் பிளாஸ்டிக் டேங்க், மூடியில் காற்றுத் துளை. நிரப்பி வைத்த வருடமும் எனக்கு ஜெட் அடைத்தது. வடித்து, கார்புரேட்டரில் இருப்பதும் தீரும்வரை ஓடவிட்டு வைத்த வருடங்களில் அடைக்கவில்லை. கையில் தூக்கும் மெஷினுக்குக் காலி டேங்க்தான், எனக்கு இதில் சந்தேகமே இல்லை. ஜெனரேட்டர் வேறு. அதன் டேங்க் இரும்பு, காலியாக விட்டால் உள்ளே துரு பிடிக்கும். அதை நிரப்பி வைத்து மாதம் ஒருமுறை லோடு கொடுத்து ஓட்டுகிறேன்.

வடித்த பெட்ரோலை எதில் வைப்பது? பெரும்பாலும் நாம் எடுப்பது எண்ணெய் வந்த பிளாஸ்டிக் கேன். மலிவு, எடையில்லை. ஆனால் மெல்லிய பிளாஸ்டிக் வழியாகவே ஆவி கசியும், மூடியும் நாளடைவில் தளரும். மேட்டுப்பாளையத்தில் சுமார் 300 மீட்டர் உயரத்தில் மூடிய கேன், 1,800 மீட்டரை நெருங்கும் கோத்தகிரிக்கு வரும்போது பந்தாக உப்பியிருக்கும். திறந்தால் உஸ்ஸென்று ஆவி முகத்தில் அடிக்கும். சட்டமும் பிளாஸ்டிக் பக்கம் இல்லை. 1934-ம் வருடப் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு இல்லாத பெட்ரோல் 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம். ஆனால் நன்றாக மூடிய கண்ணாடி, பீங்கான், உலோகப் பாத்திரத்தில்தான்: கண்ணாடியும் பீங்கானும் 1 லிட்டருக்குள், உலோகம் 25 லிட்டருக்குள்.

இரும்பு ஜெர்ரி கேன் விலை கூடுதல். மூடியின் வாஷரை அவ்வப்போது மாற்ற வேண்டும், கீழே போட்டால் பெயின்ட் உதிர்ந்து துரு ஏறும். இருந்தும் நான் அதையே சொல்வேன். 20 லிட்டர் கேனில் பாதி வைப்பதைவிட 5 லிட்டர் கேனில் கழுத்துக்குக் கீழே வரை வைப்பது நல்லது. நேராகத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். குளிருக்கு அடுப்பு மூட்டுகிற வீட்டுக்குள் மட்டும் தயவுசெய்து வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து நெருப்பைத் தேடிப் போகும்.

எத்தனால் சேர்க்காத 100 ஆக்டேன் பெட்ரோல் சில கம்பெனிகளில் கிடைக்கிறது (ஆக்டேன் என்பது, எஞ்சினுக்குள் நேரத்துக்கு முன்னே வெடிக்காமல் பெட்ரோல் தாங்கும் அளவு). சமவெளியின் பெரிய ஊர்களில், சில பங்குகளில் மட்டும், ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விலைக்கு. தினமும் ஓட்ட அது வீண் செலவு, இந்தச் சின்ன எஞ்சினுக்கு அந்த ஆக்டேன் தேவையே இல்லை. மூன்று மாதம் வைக்கப்போகிற ஐந்து லிட்டருக்கு வாங்கலாம். எத்தனால் இல்லையா என்று பங்கில் கேட்டுவிட்டே வாங்குங்கள். ஸ்டெபிலைசர் பிசினாவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். கெட்டதை மீட்காது, தண்ணீரை எடுக்காது. புது பெட்ரோலில் அன்றே ஊற்றினால் பலன் உண்டு. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்காக 2டி (2T) ஆயில் கலந்த பெட்ரோலை நான் ஒரு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை, தேவைக்கு மட்டும் கலக்குகிறேன்.

மார்ச்சில் கேனைத் திறந்ததும் முதலில் ஜாம் பாட்டில். கோடு இல்லாமல் தெளிவாக இருந்து வாசனையும் சரியாக இருந்தால், புது பெட்ரோலோடு பாதிக்குப் பாதி கலந்து ஓட்டுங்கள். கோடு தெரிந்தால் மேலே இருப்பதை மட்டும் வடித்து ஊற்றவும் பார்க்காதீர்கள், எத்தனால் போனதால் அதன் ஆக்டேனும் இறங்கியிருக்கும். தோட்டத்து ஓடையிலும் கொட்ட வேண்டாம், அந்தத் தண்ணீர் பவானிக்குப் போகிறது. மூடி போட்டு மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள், பழைய ஆயிலோடு சேர்த்து எடுத்துக்கொள்வார்கள்.