பிஎம்பி280, பிஎம்பி390, டிபிஎஸ்310, எம்எஸ்5611: காற்றழுத்தம் அளக்க எது, அதை எங்கே மாட்டுவது?

காற்றழுத்தம் அளக்க எந்த டிஜிட்டல் சென்சார் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்களுக்கு வேண்டியது அழுத்தத்தின் அளவா, அழுத்தத்தின் மாற்றமா? இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் அதைப் பொறுத்து டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில்) நீங்கள் பார்க்க வேண்டிய வரியே மாறிவிடும்.

பாஷ் நிறுவனத்தின் பிஎம்பி280-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அப்சல்யூட் துல்லியம் ±1 ஹெக்டோபாஸ்கல் (100 பாஸ்கல், அதாவது 1 மில்லிபார்), ரிலேட்டிவ் துல்லியம் ±0.12. அதாவது அது காட்டும் எண் உண்மையான அழுத்தத்திலிருந்து 1 ஹெக்டோபாஸ்கல் தள்ளியிருக்கலாம், ஆனால் கடந்த 3 மணி நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்பதை நன்றாகவே சொல்லிவிடும். மொட்டைமாடி வானிலை நிலையத்துக்கு இந்த இரண்டாவது எண்தான் முக்கியம், ஏனென்றால் முதல் பிழை ஏறக்குறைய நிலையானது, ஒருமுறை சரியான அளவோடு ஒப்பிட்டுக் கழித்துவிட்டால் தீர்ந்தது. இதைப் புரிந்துகொள்ளாமல் "துல்லியம் போதாது" என்று நல்ல சென்சாரை ஓரங்கட்டுபவர்கள் நிறையப் பேர்.

சரி, சிப்களுக்கு வருவோம்.

பிஎம்பி180 பழசு, ஐ2சி (இரண்டு கம்பித் தரவு இணைப்பு) முகவரியும் ஹெக்ஸ் (பதினாறு அடிமான எண்) 77 என்று ஒன்றே ஒன்றுதான், கையில் இருந்தால் பயன்படுத்துங்கள், புதிதாகத் தேடிப் போக வேண்டாம். பிஎம்பி280 எங்கும் கிடைக்கும், எல்லா மென்பொருளும் அதை அறியும். அதன் பலவீனம் இரண்டு இடத்தில். வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி மாறும்போதும் அளவு 1.5 பாஸ்கல் வரை நகரலாம் என்பது ஒன்று. காலையில் 20 டிகிரியும் மதியம் 40 டிகிரியும் இருக்கும் வெளிப்பெட்டியில் அது 0.3 ஹெக்டோபாஸ்கல் பொய்யான மாற்றமாகத் தெரியும். அடுத்தது, ஓராண்டில் ±1 ஹெக்டோபாஸ்கல் வரை அது தானாக விலகலாம். இதே இரண்டு இடங்களில்தான் பிஎம்பி390 தன் விலைக்கு நியாயம் செய்கிறது: டிகிரிக்கு 0.6 பாஸ்கல், ஆண்டு விலகல் ±0.16, ரிலேட்டிவ் துல்லியம் ±0.03, அப்சல்யூட் ±0.5. ஒருமுறை மாட்டிவிட்டு வருடக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் நான் யோசிக்காமல் 390-ஐத்தான் சொல்வேன்.

இன்ஃபினியான் தயாரிக்கும் டிபிஎஸ்310 வேறு ரகம். பாஷ் சிப்கள் பீசோ மின்தடை முறையில் (அழுத்தத்தால் மின்தடை மாறுவதை வைத்து) அளக்க, இது மின்தேக்க முறையில் (மின்தேக்குதிறன் மாறுவதை வைத்து) அளக்கிறது. 300 முதல் 1200 ஹெக்டோபாஸ்கல் வரை போகும், ரிலேட்டிவ் துல்லியம் ±0.06, வெப்பநிலைப் பாதிப்பு டிகிரிக்கு 0.5 பாஸ்கல். அளவுகளின் இரைச்சல் மிகக் குறைவு. கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தால்கூட வரைபடத்தில் தெரியும். ஆனால் அமைப்பது கொஞ்சம் படுத்தும். சிப்புக்குள் இரண்டு வெப்பநிலை உணரிகள் உண்டு, எதை வைத்துத் தொழிற்சாலையில் அளவுத்திருத்தம் செய்தார்கள் என்று ஒரு பிட் சொல்லும், அதைப் படித்து அதே உணரியைத் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் கணக்கு தவறும். ஓவர்சாம்பிளிங் (ஒரு அளவுக்கு எத்தனை முறை மாதிரி எடுப்பது) 8-க்கு மேல் போனால் ஷிப்ட் பிட்டையும் (முடிவை இடம் நகர்த்தும் அமைப்பை) ஏற்ற வேண்டும், மறந்தால் அபத்தமான அழுத்தம் வரும். சில சிப்களில் வெப்பநிலை 60 டிகிரி என்று காட்டும் ஒரு கோளாறும் உண்டு, இன்ஃபினியானின் சொந்த லைப்ரரியில் (சென்சாரைப் படிக்கும் தயார் நிரலில்) அதற்கான திருத்தம் இருக்கிறது. எனவே டிபிஎஸ்310 வாங்கினால் யாரோ நான்கு வரியில் எழுதிய லைப்ரரியை நம்ப வேண்டாம், இந்த மூன்றையும் கவனிக்கும் ஒன்றை எடுங்கள்.

எம்எஸ்5611 பறக்கும் கருவிகளால் பேர் வாங்கியது. 24 பிட், 10 முதல் 1200 மில்லிபார் வரை, உயரத்தில் 10 சென்டிமீட்டர் பிரித்தறியும். அப்சல்யூட் துல்லியம் ±1.5 என்பதால் வானிலைக்கு இது என் முதல் தேர்வு அல்ல. இதில் ஒரு குழப்பமும் இருக்கிறது: எம்எஸ்5607 இதே கட்டளைகளுக்குத்தான் பதில் சொல்லும், கணக்குப் போடும் கெழுக்களின் மடங்கு மட்டும் வேறு. அழுத்தம் ஏறக்குறைய பாதியாக வந்தால் சென்சார் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள், கணக்கை மாற்றிப் பாருங்கள். 20 டிகிரிக்குக் கீழே இரண்டாம் படித் திருத்தம் செய்ய வேண்டும் என்று டேட்டாஷீட் சொல்கிறது, எளிய லைப்ரரிகள் பல அதை விட்டுவிடுகின்றன.

பிஎம்ஈ280 என்பது பிஎம்பி280 போன்ற அழுத்தப் பகுதியோடு ஈரப்பத உணரியும் சேர்ந்தது. அந்தப் பெயரில் விற்கும் பலகையில் பிஎம்பி280 ஒட்டியிருப்பது சகஜம். வந்தவுடன் டி0 ரெஜிஸ்டரை (சிப்புக்குள் அதன் அடையாள எண் இருக்கும் இடத்தை) படியுங்கள்: ஹெக்ஸ் 60 வந்தால் பிஎம்ஈ, 58 வந்தால் பிஎம்பி. (பிஎம்பி390-உம் 60 என்றுதான் சொல்லும், ஆனால் அது இருப்பது 00 ரெஜிஸ்டரில்.) காசு கொடுத்தது ஈரப்பதத்துக்கு என்றால் இந்தச் சோதனையை விடவே விடாதீர்கள்.

சிப்பா, தயார் கருவியா?

வெறும் எண்ணைப் பார்த்தால் போதும், தரவைச் சேமிக்கும் எண்ணம் இல்லை என்பவர்களுக்குத் திரையோடு வரும் வீட்டு வானிலை நிலையமே போதும். சாலிடரிங் இல்லை, நிரல் எழுத வேண்டாம். அதில் குறை என்னவென்றால் அழுத்த உணரி பெரும்பாலும் திரைப் பெட்டிக்குள்ளேதான் இருக்கும், உள்ளே என்ன சிப், எத்தனை முறை சராசரி எடுக்கிறது என்பது தெரியாது, மாற்றவும் முடியாது. இன்னொரு முனையில் வைசாலா பிடிபி330 போன்ற சீரியல் காற்றழுத்தமானிகள்: ஏ வகுப்பில் 20 டிகிரியில் ±0.10 ஹெக்டோபாஸ்கல், அளவுத்திருத்தச் சான்றிதழோடு வரும், ஆர்எஸ்-232 சீரியல் இணைப்பு வழியாக நேராக எண்ணையே அனுப்பும். ஆய்வகத்துக்கும் விமான நிலையத்துக்கும் அது அவசியம். வீட்டுக்கு அதை வாங்கி மோசமான இடத்தில் மாட்டினால் அந்தத் துல்லியம் முழுக்க வீண். ஏன் என்பது கீழே.

எந்தச் சென்சார் என்பதைவிட எந்த இடம்

உள்ளேயா வெளியேயா என்பதுதான் அதிகம் அடிபடும் கேள்வி. கதவு ஜன்னல் மூடினாலும் வீட்டுக்குள் அழுத்தம் வெளியோடு சமமாகிக்கொண்டே இருக்கும், ஆகவே உள்ளே வைப்பதில் தவறில்லை, வெப்பநிலை சீராக இருப்பதால் சென்சாருக்கு அதுவே நல்லது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் சில பாஸ்கல் குறையும், கதவை அறைந்து சாத்தினால் ஒரு கூர்முனை தெரியும், அவ்வளவுதான்.

வெளியே பெரிய எதிரி காற்று. ஓடும் காற்றை ஒரு பரப்பு நிறுத்தும்போது அங்கே அழுத்தம் கூடும், அதன் அளவு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றில் சுமார் 60 பாஸ்கல், அதாவது 0.6 ஹெக்டோபாஸ்கல். 72 கிலோமீட்டரில் நான்கு மடங்கு, 2.4. பெட்டியின் துளை காற்றைப் பார்த்து இருந்தால் கூடும், பக்கவாட்டில் இருந்தால் உறிஞ்சிக் குறைக்கும். புயல் நேரத்தில், அதாவது அளவு மிக முக்கியமாகத் தேவைப்படும் அதே நேரத்தில், ±0.03 சென்சாரும் ±0.12 சென்சாரும் ஒரே அளவு பொய் சொல்லும். வானிலை நிலையங்களில் காற்றழுத்தமானிக்குக் குழாய் வைத்து, காற்றின் வேகம் பாதிக்காதபடி வடிவமைத்த தலைப்பகுதியை வெளியே பொருத்துவது இதற்காகத்தான். வீட்டில் அது தேவையில்லை, ஜன்னலிலிருந்து விலகி உள்சுவரில் மாட்டினாலே பெரும்பகுதி சரியாகிவிடும். பிஎம்ஈ280-இன் சிக்கலும் இங்கேதான்: ஈரப்பதத்துக்கு அது வெளியே இருக்க வேண்டும், அழுத்தத்துக்கு உள்ளே இருக்க வேண்டும். நான் இரண்டையும் பிரித்துவிடுவேன், வெளியே ஈரப்பத உணரி, உள்ளே அழுத்த உணரி.

பெட்டி எதுவானாலும் காற்றுப் புகாமல் அடைக்காதீர்கள். அடைத்தால் நீங்கள் அளப்பது பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட காற்றின் வெப்பநிலையைத்தான். சின்னத் துளை போதும், வெளியே என்றால் துளை கீழ்நோக்கி, மேலே நீர் புகாத காற்றுச்சவ்வு. சிப்பின் உலோக மூடியில் ஒரு குட்டித் துளை இருக்கும், அதில் நேர் வெயில் விழுந்தாலும் அளவு நகரும், சாலிடர் ஃப்ளக்ஸ் (பற்றவைக்கும் பசை) உள்ளே போனாலும் போச்சு, ஈரத்துக்கு எதிராகப் பூசும் பூச்சு அதை மூடினாலும் போச்சு. சாலிடர் செய்வதாலேயே பிஎம்பி280-இன் அளவு -0.5 முதல் +2 ஹெக்டோபாஸ்கல் வரை நகரலாம் என்று டேட்டாஷீட்டே சொல்கிறது, அதனால் ஒப்பீடு எல்லாம் சாலிடருக்குப் பிறகுதான்.

இணைப்பும் அமைப்பும்

ஐ2சி-யா, இன்னும் அதிகக் கம்பி கேட்கும் எஸ்பிஐ-யா? ஒரே பெட்டிக்குள் ஒன்றிரண்டு சென்சார் என்றால் ஐ2சி, கம்பி குறைவு. தலைப்பிலுள்ள நான்கிலும் முகவரி ஹெக்ஸ் 76 அல்லது 77 என்பதால் ஒரே பஸ்ஸில் இரண்டுக்கு மேல் நேராகப் போட முடியாது. மின்னழுத்தம் 3.3 வோல்ட்; பலகையில் ரெகுலேட்டர் இருக்கிறதா என்று பார்க்காமல் 5 வோல்ட் கொடுக்க வேண்டாம், மலிவான பிஎம்பி280 பலகைகள் பலவற்றில் அது இருக்காது.

பிஎம்பி280 மின்சாரம் வந்ததும் உறக்க நிலையில்தான் விழிக்கும். பயன்முறையை மாற்றாமல் படித்தால் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பத் தரும், அது பழுது அல்ல. வானிலைக்கு ஃபோர்ஸ்டு பயன்முறையில் (கேட்டால் மட்டும் ஒருமுறை அளப்பது) நிமிடத்துக்கு ஒரு அளவு, ஃபில்டர் (முந்தைய அளவுகளைக் கலந்து சீராக்குவது) இல்லாமல், போதும். சிப் சூடாகாது, மின்சாரமும் மிச்சம். உயரம் அளக்க, ட்ரோனுக்கு என்றால் நார்மல் பயன்முறை (தொடர்ந்து அளப்பது), அழுத்தத்துக்கு 16 மடங்கு ஓவர்சாம்பிளிங், ஃபில்டர் 16. இரண்டையும் குழப்பி வானிலைக்கு நிமிடத்துக்கு ஒருமுறை படித்துக்கொண்டு ஃபில்டரை 16-இல் வைத்தால், ஃபில்டர் அளவுகளின் எண்ணிக்கையைப் பார்த்து வேலை செய்வதால், இப்போதைய எண்ணில் கால் மணி நேரத்துக்கு முந்தைய அழுத்தமும் கலந்து வரும்.

கடைசியாக உயரம், அதாவது சென்சார் தரும் அழுத்தத்தைக் கடல்மட்ட அழுத்தமாக மாற்றும் கணக்கில் கொடுக்கும் உயரம். இங்கேதான் அதிகப் பிழை. கடல்மட்டத்தருகே 8.3 மீட்டருக்கு 1 ஹெக்டோபாஸ்கல், எனவே உயரத்தை 10 மீட்டர் தவறாகக் கொடுத்தால் 1.2 ஹெக்டோபாஸ்கல் தவறு, இது பிஎம்பி280-இன் ±1 அப்சல்யூட் பிழையையும் விடப் பெரியது. தரையின் உயரத்தை அல்ல, சென்சார் தொங்கும் இடத்தின் உயரத்தைக் கொடுங்கள். இரண்டாம் மாடி என்றால் 6 மீட்டர், 0.7 ஹெக்டோபாஸ்கல்.

ஒப்பிட அருகிலுள்ள விமான நிலைய அறிக்கையை எடுப்பது நல்ல வழி, ஆனால் அதில் வரும் க்யூஎன்எச் (கடல்மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம்) முழு எண்ணாகக் கீழ்நோக்கி வெட்டப்பட்டது. 1009 என்றால் அது 1009.0 ஆகவும் இருக்கலாம், 1009.9 ஆகவும் இருக்கலாம். ஒரே ஒரு அளவை வைத்துத் திருத்தாமல், காற்று இல்லாத நேரங்களில் பல அளவுகளை எடுத்து, அறிக்கை எண்ணோடு 0.5 கூட்டிச் சராசரி வேறுபாட்டைப் பாருங்கள்.

உயரமான இடத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 900 மீட்டர் உயரத்தில் சென்சார் 910 என்று காட்டுகிறது என்று வையுங்கள். காற்றின் வெப்பநிலை 15 டிகிரி என்று எடுத்துக் கடல்மட்டத்துக்குக் கணக்கிட்டால் சுமார் 1012.5 வரும், 30 டிகிரி என்றால் சுமார் 1007. சென்சார் அதே எண்ணில் நிற்க, முடிவு 5 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் ஆடுகிறது. வீட்டு நிலையங்கள் பல ஒரு நிலையான எண்ணைக் கூட்டிவிட்டு அதையே கடல்மட்ட அழுத்தம் என்று காட்டும். தாழ்வான இடத்தில் அது பரவாயில்லை, மலையில் ஒத்துவராது. அதனால் சேமிக்கும்போது சென்சார் தந்த நிலைய அழுத்தத்தையே சேமியுங்கள், கடல்மட்டக் கணக்கைப் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்திப் போடலாம்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு சோதனை. ஒன்று, சென்சாரை எடுத்துக்கொண்டு ஒரு மாடி ஏறுங்கள், 3 மீட்டருக்குச் சுமார் 0.36 ஹெக்டோபாஸ்கல் இறங்க வேண்டும். மற்றது வெப்பமண்டலத்தில் இருப்பவர்களுக்கு: அமைதியான நாளில் அழுத்தம் காலை, இரவு 10 மணி வாக்கில் உச்சம் தொட்டு, அதிகாலை, மாலை 4 மணி வாக்கில் இறங்கும், ஏற்ற இறக்கம் சுமார் 3 ஹெக்டோபாஸ்கல். உங்கள் வரைபடத்தில் இந்த இரட்டை அலை தெளிவாகத் தெரிந்தால் சென்சார் ஒழுங்காக வேலை செய்கிறது. மதியத்துக்கு மேல் இறங்குவதைப் பார்த்து மழை என்று முடிவு கட்டாமல், நேற்று இதே நேரத்து அளவோடு ஒப்பிடுங்கள். பிஎம்பி280 வைத்திருப்பவர்கள் விமான நிலைய ஒப்பீட்டை ஆண்டுக்கு இரண்டு முறையாவது செய்வது நல்லது, 390-க்கு ஆண்டுக்கு ஒருமுறை போதும்.