ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: டெமோவில் கேட்டது வேறு, வீட்டுக்கு வந்தது வேறு

வீட்டில் பாட்டு கேட்பதற்கென்றே ஓர் அறையை ஒதுக்கி, அதற்கு ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் ஓரளவு பேர்பெற்ற ஒரு ஹைஃபை கடை எனக்கு இரண்டேகால் லட்ச ரூபாய்க்கு ஒரு செட் விற்றது. என் அறைக்கு ஒத்துவராத ஸ்பீக்கரைத் தலையில் கட்டினார்கள். அதோடு டெமோவில் ஓட்டிக் காட்டிய ஆம்ப்ளிஃபையருக்குப் பதிலாக வேறொன்றை அனுப்பினார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். விசாரணை நடப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை, தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். அவர்கள் கையாண்ட முறைகள் எல்லா ஊரிலும் நடப்பவை. அவற்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

என் அறை 12 அடிக்கு 10 அடி. உயரமும் 10 அடி. செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. நான் கேட்பது பெரும்பாலும் கச்சேரிப் பதிவுகள், நாகஸ்வரம் தவில், கொஞ்சம் பழைய திரையிசை. இந்த அளவுகளையும் போட்டோக்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, சிறிய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் வேண்டும் என்று எழுதியும் சொல்லிவிட்டுத்தான் கடைக்குப் போனேன். ‘ரூமுக்கு ஏத்த மாதிரி நாங்களே செட் பண்ணித் தர்றோம் சார்’ என்று பதில் வந்தது. அந்தச் செய்தி இப்போது என் புகாரில் இணைப்பாக இருக்கிறது.

அவர்களுடைய டெமோ அறை என் அறையைப் போல மூன்று மடங்கு இருக்கும். தரையில் தடித்த கார்ப்பெட், சுவரெல்லாம் ஒலியை உறிஞ்சும் பேனல்கள், ஸ்பீக்கருக்குப் பின்னால் தாராளமான இடம். முதலில் நான் கேட்ட புக்‌ஷெல்ஃபைப் போட்டார்கள். அப்புறம் வால்யூமில் கையே வைக்காமல், இடுப்பளவு உயரமுள்ள ஃப்ளோர்ஸ்டாண்டருக்கு மாற்றினார்கள். ‘சார், அந்த பாடி வருது பாருங்க. சின்னதுல இது வராது’ என்றார் விற்பனையாளர். ஒலியின் கனத்தைத்தான் ‘பாடி’ என்றார். கேட்கவும் அப்படித்தான் இருந்தது.

அதில் நடந்தது இதுதான். சிறிய ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரே வோல்டேஜ் கொடுத்தால் எவ்வளவு சத்தம் வரும் என்ற அளவு, 86 டெசிபெல், பெரியது 90. வால்யூமை ஒரே இடத்தில் வைத்தால் பெரியது 4 டெசிபெல் கூடுதலாக ஒலிக்கும். அதே சத்தம் சிறியதில் வர, ஆம்ப்ளிஃபையர் அதற்குக் கொடுத்துக்கொண்டிருந்ததைப் போல இரண்டரை மடங்கு பவர் கொடுக்க வேண்டும். சத்தம் சற்று ஏறினாலே நம் காது அதைத் தெளிவு என்றும் நிறைவு என்றும் எடுத்துக்கொள்ளும். கீழ்ஸ்தாயியில் இது இன்னும் அதிகம். மெதுவாக வைத்தால் காதுக்கு எட்டாத பேஸ், சத்தத்தை ஏற்றினால் எட்டும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே அளந்து வெளியிட்ட விஷயம் இது. ஒலி விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடுவதானால், பிங்க் நாய்ஸ் என்ற, எல்லா ஸ்தாயியும் கலந்த இரைச்சலை ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் மொபைல் ஆப்பில் அளந்து, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பாட்டைப் போட வேண்டும். ‘அதெல்லாம் தேவையில்லை சார்’ என்று ஒரு கடை சொன்னால் அங்கே வாங்காதீர்கள்.

அந்த 90 டெசிபெலிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அளவு எடுப்பது 2.83 வோல்ட் கொடுத்து. ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை, அது குறையக் குறையக் கரண்ட் கூடுதலாக இழுக்கும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு வாட், 4 ஓம் ஸ்பீக்கருக்கு இரண்டு வாட். எனக்கு விற்றது 4 ஓம். ஆக, 3 டெசிபெல் ஆம்ப்ளிஃபையரிலிருந்து கூடுதலாகக் கரண்ட் இழுத்து வந்தது. ஒரு வாட்டுக்கு என்று பார்த்தால் அது 87 டெசிபெல் ஸ்பீக்கர்தான். அந்தக் கரண்டைத் தரக்கூடிய ஆம்ப்ளிஃபையர் அதற்குக் கட்டாயம் வேண்டும். டெமோவில் இருந்தது அப்படிப்பட்ட கனமான ஆம்ப்ளிஃபையர். அதற்குத்தான் விலை பேசினோம், அதற்குத்தான் பணம் கட்டினேன்.

வீட்டுக்கு வந்த பெட்டி ஏற்கெனவே பிரித்து ஒட்டப்பட்டிருந்தது. ‘செக் பண்ணி அனுப்பியிருக்கோம்’ என்றார் கொண்டுவந்தவர். பிராண்டு அதே. மாடல் எண்ணில் ஓர் எழுத்து வித்தியாசம். பின்பக்கத்தில் ஸ்பீக்கர் முனைகளுக்கு மேலே ‘6 முதல் 16 ஓம்’ என்று அச்சிட்டிருந்தது, அதாவது என் 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருந்தாது. பவர் கார்டு நுழையும் இடத்தில் ‘ஏசி 100 வோல்ட்’. 100 வோல்ட் ஜப்பான் வீடுகளின் மின்சாரம், நம்முடையது 230. ஜப்பான் சந்தைக்கென்று செய்த மாடலை ஏதோ வழியில் இங்கே கொண்டுவந்து, ஒரு ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மரைச் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். போனில் கேட்டபோது, ‘அது எக்ஸ்ட்ரா சேஃப்டி சார், வோல்டேஜ் ஏறி இறங்குமில்ல’ என்றார்கள். இதைப் பச்சைப் பொய் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

பில்லைக் கேட்டு வாங்கியிருந்தேன். ஸ்பீக்கருக்கு மாடல், சீரியல் நம்பர் எல்லாம் போட்டவர்கள், ஆம்ப்ளிஃபையருக்கு ‘ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் - 1’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். எந்தப் பொருளை வேண்டுமானாலும் அந்த ஒரு வரிக்குள் நுழைத்துவிடலாம்.

வாட்ஸ் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ‘100 வாட்ஸ்’ என்றார்கள். வந்த ஆம்ப்ளிஃபையரின் கையேட்டில் அந்த 100 எப்படி வந்தது என்று சிறிய எழுத்தில் இருக்கிறது: 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ் மட்டும், 10% டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு), ஒரு சேனல் மட்டும் ஓடும்போது. 10% டிஸ்டார்ஷனில் தம்புராவைக் கேட்டால் அதன் நாதமே கெட்டிருக்கும். இதே ஆம்ப்ளிஃபையர் 8 ஓமில், இரண்டு சேனலும் ஓட, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கொடுப்பது 50 வாட்ஸ். இந்த ஏமாற்று வித்தை இவ்வளவு பெருகியதால்தான் அமெரிக்காவில் 1974-லேயே வீட்டு ஆம்ப்ளிஃபையர் விளம்பரங்களில் வாட்ஸை எப்படி அளந்து சொல்ல வேண்டும் என்று அரசு விதி போட்டது. பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும், கண நேர உச்சத்தை ஊதிக் காட்டும் எண்களைத் திரும்பியே பார்க்க வேண்டாம். என் மாதிரி அறையில் சராசரியாகக் கேட்க ஒரு வாட்டுக்கும் குறைவே ஆகும். தவில் அடி போன்ற உச்சங்களுக்குச் சில பத்து வாட்கள். நேர்மையான 50 வாட்ஸ் எனக்குத் தாராளம். ஆனால் அது ஸ்பீக்கரின் ஓமுக்குப் பொருந்தியிருக்க வேண்டும். 4 ஓமில் மாட்டிய இந்த ஆம்ப்ளிஃபையர், தனி ஆவர்த்தனம் சூடுபிடிக்கும் நேரம் பார்த்து ப்ரொடெக்‌ஷனில் போய், தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே நின்றுவிடும்.

அடுத்தது அறை. எனக்கு அதிகம் கோபம் வந்தது இதில்தான். 10 அடி என்றால் ஏறக்குறைய 3.05 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே அந்த நீளத்தில் 56 ஹெர்ட்ஸ் நின்று அதிரும். என் அறையில் அகலமும் 10 அடி, உயரமும் 10 அடி. இரண்டும் அதே 56-இல் ஒன்றின்மேல் ஒன்றாக விழுகின்றன. பேஸ் கிட்டாரின் ஏ கம்பியை அப்படியே மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி முனகுகிறது, அடுத்த ஸ்வரம் காணாமல் போகிறது. அந்த அளவு கீழே வலுவாகப் போகாத சின்ன ஸ்பீக்கராக இருந்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறைந்திருக்கும். பின்பக்கம் போர்ட் (பேஸ் வெளிவரும் துளை) உள்ள ஃப்ளோர்ஸ்டாண்டரை 10 அடி அறையில் சுவரோடு ஒட்டித்தான் வைக்க முடியும். அப்படி வைத்தால் பேஸ் இன்னும் ஊதிப் பெருக்கும்.

இதைச் சொன்னதும் ‘ரூம் ட்யூனிங்’ என்று 28,000 ரூபாய்க்கு இன்னொரு வேலை செய்தார்கள். ஒரு அங்குல ஃபோம் துண்டுகளைச் சுவரில் ஒட்டினார்கள். 56 ஹெர்ட்ஸின் அலைநீளம் 6 மீட்டருக்கு மேல். அதை ஒரு அங்குல ஃபோம் எதுவும் செய்யாது. மேல்ஸ்தாயியை மட்டும் விழுங்கும். இப்போது வயலினின் ஒளி மங்கியிருக்கிறது, முனகல் அப்படியே இருக்கிறது. வெறும் டைல்ஸ் அறைக்குத் தரைவிரிப்பு, கனமான திரை, நிறையப் புத்தகங்கள் வைத்த அலமாரி ஆகியவை இதைவிட நன்றாக வேலை செய்யும். பேஸுக்கு, அதை உறிஞ்சும் தடித்த ட்ராப்பை மூலையில் வைக்க வேண்டும், உட்காரும் இடத்தைப் பின்சுவரிலிருந்து முன்னால் நகர்த்த வேண்டும். கூடவே விற்ற விலையுயர்ந்த கேபிளைப் பற்றி ஒரே வரி: ஐந்து மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும்.

ஆம்ப்ளிஃபையரை பிராண்டின் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போனேன். சீரியல் நம்பரைப் பார்த்துவிட்டு, இது இந்தியாவுக்கு இறக்குமதியான பொருளே இல்லை, வாரண்டி கிடையாது என்றார்கள். அங்கே இருந்த பெண் பொறுமையாக ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார். முறையாக இறக்குமதியான பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, தயாரித்த மாதமும் வருடமும், புகாருக்கான தொடர்பு எண் ஆகியவை ஒட்டியிருக்க வேண்டும். அது சட்டம். என் பெட்டியில் ஒரு ஸ்டிக்கரும் இல்லை.

கடைக்குத் திரும்பிப் போனால், பில்லின் அடியில் அச்சிட்டிருந்த ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்பதைக் காட்டினார்கள். பாதி விலைக்கு எக்ஸ்சேஞ்ச் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள், அதையும் சலுகை போல. அந்த அச்சு வரியைப் பார்த்துப் பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில் கொடுக்காததும் அப்படியே.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். கடை அசையவில்லை. பிறகு நுகர்வோர் புகார்களுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக ஆணையத்தில் புகார் கொடுத்தேன். கட்டிய விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்திகள், பெட்டியின் நாலு பக்கப் போட்டோ, பின்பக்க எழுத்துகளின் போட்டோ, சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்த தாள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்னது எதற்கும் உதவாது.

வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால், மாடல் எண்ணும் சீரியல் நம்பரும் 230 வோல்ட் என்பதும் பில்லில் வருமா என்று கேளுங்கள். 18% ஜிஎஸ்டியை மிச்சப்படுத்தித் தருகிறேன் என்று எஸ்டிமேட் சீட்டை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்பீக்கரை ஒரு வார இறுதிக்கு வீட்டில் வைத்துக் கேட்க முன்பணம் வாங்கிக்கொண்டு தருகிற கடைகள் சென்னையிலும் கோவையிலும் இருக்கின்றன. உங்கள் சுவருக்குள் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

‘இம்போர்ட் பீஸ்’ என்று சொல்லி ட்ரான்ஸ்ஃபார்மரோடு விற்ற ஆம்ப்ளிஃபையர் ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருந்தால், இன்றே பின்பக்கத்தைப் பாருங்கள். 100 வோல்ட் என்று இருந்தால் அதன் பிளக்கின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள், வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். அறையைக் கூட்டும்போது யாராவது கழற்றி, மறுபடி நேராகச் சுவர் சாக்கெட்டில் சொருகிவிட்டால் 230 வோல்ட் உள்ளே பாயும். ஃப்யூஸ் போவதோடு நின்றால் நல்லது, தீப்பிடிக்கவும் கூடும்.