பழைய ஃபைபர் ஒட்டைப் பெயர்க்க உளியா, கிரைண்டரா?

காரைக்குடிக்குக் கடல் கிடையாது. அதனால்தான் தொண்டியிலிருந்து திருவாடானை, தேவகோட்டை தாண்டி லாரியில் வந்த ஃபைபர் படகு ஒன்று என் பட்டறை வாசலில் கவிழ்ந்து கிடந்தபோது, போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். “கம்மாயில விடப் போறியளா?” என்று கேட்காத ஆள் இல்லை. இவ்வளவு தூரம் ஏற்றி வந்ததற்குக் காரணம் ஒன்றுதான். கடற்கரை உப்புக்காற்றில் படகின் அடி லேசில் காயாது. ஈரத்தின் மேல் ரெசின், அதாவது ஃபைபர் ஒட்டும் பிசின், பிடிக்காது. இங்கே செம்மண் வெயிலில் மூன்று வாரம் போட்டால் போதும்.

சுனாமிக்குப் பிறகு கடற்கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகிய காலத்துப் படகு இது. படகின் அடியில் முதுகெலும்பு மாதிரி ஓடும் ஏராவை ஒட்டி ஒரு முழ நீளத்துக்கு ஒட்டு. மேலே பெயின்ட், அதன் கீழ் பட்டி, அதன் கீழ் இரண்டு மடிப்பு மேட் (ரெசினில் நனைத்துப் போடும் கண்ணாடி இழை விரிப்பு), அதற்கும் கீழே குழாய் ஒழுகினால் உருட்டி அப்புவோமே அந்த எபாக்சி மாவு. நாலு பேர் நாலு காலத்தில் செய்த வேலை. படகுக்கார அண்ணன் கேட்டது, “அது மேலயே இன்னும் ரெண்டு மேட் போட்ரு தம்பி.”

போடக் கூடாது. படகின் ரெசின் பாலியெஸ்டர் ரகம். இறுகிப்போன பாலியெஸ்டர் மேல் புது ரெசின் வேதிமுறையில் சேராது. சொரசொரப்பான கீறல்களைப் பிடித்துத்தான் நிற்கும். பழைய ஒட்டு எவ்வளவு பிடித்திருக்கிறதோ அவ்வளவுதான் புது ஒட்டின் பலமும். எபாக்சி மேல் பாலியெஸ்டர் இன்னும் மோசம், உரித்தால் தோல் மாதிரி வரும். ஆகவே பழசு முழுக்கப் போக வேண்டும். எதால் என்பதுதான் கேள்வி.

எந்தக் கருவி வேகம் என்று பார்ப்பவர்கள்தான் அதிகம். நான் பார்ப்பது வேறு: ஒட்டு எங்கே முடிகிறது, படகின் உடம்பு எங்கே தொடங்குகிறது என்பதை எந்தக் கருவி கைக்குச் சொல்கிறது? நம்மூர் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) 1953-லிருந்து துருவை ஆராய்கிறது. இரும்பு கெட்டால் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். ஃபைபர் அப்படியில்லை, உள்ளே மடிப்பு விட்டுப் போனாலும் மேலே பளபளவென்று இருக்கும்.

முதலில் உளி. இதைக் கேவலமாக நினைக்கிற பையன்கள் நிறைய. ஒரு ரூபாய்க் காசாலோ சின்னச் சுத்தியலாலோ ஒட்டைச் சுற்றித் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் ‘டங்’ என்னும், விட்டுப்போன இடம் ‘பொத்’ என்னும். பொத்தென்ற இடத்து விளிம்பில் உளியைப் படுக்க வைத்துத் தட்டினால் மேட் பாளம் பாளமாக வரும். தூசி இல்லை, சூடு இல்லை. எங்கே வர மறுக்கிறதோ அங்கே பிடிப்பு இருக்கிறது என்று அர்த்தம். எபாக்சி மாவுக்கு மட்டும் ஹீட் கன் காட்டி இளக்கிக்கொள்ளலாம். ஒரே இடத்தில் நிறுத்தினால் படகின் ரெசினும் சேர்ந்து வேகும், கையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உளியின் குறை, நன்றாகப் பிடித்த ஒட்டிடம் அதன் ஜம்பம் செல்லாது. வம்பாக நெம்பினால் நல்ல மடிப்பும் கூட வந்துவிடும்.

கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளில் வேலை செய்யும் கொத்தனார்களிடம் கற்றது இது. சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் யாரோ சிமென்ட் வைத்து அடைத்திருப்பார்கள். சிமென்ட் கெட்டி, சுண்ணாம்பு மெத்து. அங்கே கிரைண்டரை வைத்தால் சிமென்ட் அப்படியே இருக்கும், முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைத்த பக்கத்துப் பூச்சு பறந்துவிடும். எபாக்சி ஒட்டும் வெயிலில் வெளுத்த பழைய பாலியெஸ்டரும் அதே சங்கதிதான். சுழலும் சக்கரம் மெத்தானதைத்தான் முதலில் தின்னும்.

இனி கிரைண்டர். 4 அங்குல மிஷின் ஒன்று போதும், வித்தியாசம் எல்லாம் அதில் மாட்டும் வீலில்தான். இரும்பு தேய்க்கும் கனமான கல் வீல் வேண்டவே வேண்டாம். ரெசின் இளகிக் கல்லில் அப்பிக்கொள்ளும், பிறகு அது தேய்க்காது, எரிக்கும். கிரானைட்காரர்கள் வைத்திருக்கும் கிண்ண வடிவ டைமண்ட் வீல் அப்படி அடைக்காது, பயங்கர வேகம். ஆனால் வளைந்து கொடுக்காது. படகின் வளைவில் பட்டை பட்டையாகப் பள்ளம் விழும். தடித்த கட்டியின் மண்டையைச் சீவ மட்டும், அதுவும் பழகிய கை என்றால், எடுக்கலாம்.

வெல்டிங் பட்டறைகளில் எங்கும் கிடைக்கிற, உப்புத்தாள் இதழ்களை அடுக்கிய ஃபிளாப் வீல் பரவாயில்லை ரகம். ஏரா சேரும் மூலைக்கு அதுதான் சரி. பட்டி மேல் ஓட்டினால் சீக்கிரம் அடைத்து வழுவழுப்பாகிவிடும், விளிம்பு லேசாகச் சாய்ந்தாலும் பிறை பிறையாகக் குடையும். நான் இரண்டு படகுக்கு இதையே நம்பி, பள்ளத்தை நிரப்பவே ஒரு கிலோ ரெசின் செலவழித்தவன்.

என் ஓட்டு ரப்பர் பேடின் மேல் மாட்டும் 36 நம்பர் உப்புத்தாள் வட்டுக்கு. பேடு வளையும், அதனால் படகின் வளைவோடு போகும். தாள் மலிவு, அடைத்தால் கழற்றி எறிந்துவிடலாம். எல்லாவற்றையும்விட இது பேசும். பட்டியில் ஓடும்போது மைதா மாதிரி மெல்லிய வெள்ளைத் தூள் பறக்கும். மேட்டைத் தொட்டதும் தூளில் நரநரவென்று இழை வரும், சத்தம் கனக்கும். ஒட்டின் விளிம்புகள் மரத்தின் வளையம் போல ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். கடைசி வளையமும் மறைந்து, ஒரே நிறத்தில் உடம்பு தெரிகிற இடத்தில் நிறுத்த வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 4 அங்குல மிஷின் நிமிஷத்துக்கு 11,000 சுற்றுக்கு மேலும் ஓடும். பேடிலும் வட்டிலும் அச்சடித்திருக்கும் வேகம் அதற்குக் குறைவாக இருந்தால் மாட்டாதீர்கள்.

சாண்டர் மிஷினைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கடைசியில் 80 நம்பரில் சுற்றுப்புறத்தைச் சமன் செய்ய நல்லது. அதை வைத்து ஒட்டை எடுக்கப் புகுந்தால் பொங்கலுக்குத் தொடங்கி ஆடியில் முடிக்கலாம்.

தேய்க்கும் முன் ஒரு வேலை. உப்பைத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, மெழுகும் எண்ணெயும் போக அசிட்டோன் போட்டுத் துடைத்த பிறகே மிஷினைத் தொட வேண்டும். துடைக்காமல் தேய்த்தால் அந்த அழுக்கைக் கீறலுக்குள் நாமே திணித்த மாதிரி. தூசிக்குத் துணி கட்டினால் ஆகாது, வடிகட்டி போட்ட மாஸ்க் வேண்டும். முழுக்கை சட்டை, கழுத்திலும் மணிக்கட்டிலும் பவுடர். முடித்ததும் பச்சைத் தண்ணீரில்தான் முதலில் குளிக்க வேண்டும். வெந்நீர் ஊற்றினால் அரிப்பு ராத்திரி முழுக்க. பக்கத்து வீட்டு ஆச்சி மாடியில் வற்றல் காயப்போட்டிருக்கிற அன்று கிரைண்டரைத் தொடுவதில்லை என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். உளி வேலையை அந்த நாட்களுக்கு வைத்துக்கொள்வேன்.

ஆக இந்தப் படகில் ஒன்றரை நாள் உளி, அரை நாள் ரப்பர் பேடு, ஏரா மூலையில் மட்டும் ஃபிளாப். எபாக்சி மாவை எடுத்ததும் அடியில் கருத்த ஈர மேட் கொஞ்சம் இருந்தது, அதையும் எடுத்ததில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிச்சமே தெரிந்தது. அந்த இடத்தில் படகின் தடிமன் 5 மில்லி. ஒன்றுக்குப் பன்னிரண்டு கணக்கில் சுற்றிலும் 60 மில்லி சரிவு இழைத்தேன். புது மேட் படிப்படியாக உட்காருவது அந்தச் சரிவில்தான். இந்தச் சரிவை உளியால் கொண்டுவர முடியாது, ரப்பர் பேடுக்குக் கூடுதல் மதிப்பெண் போட இதுவும் ஒரு காரணம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஒட்டித் தரச் சொன்னா ஓட்டை போட்டு வச்சிருக்கியே தம்பி!”

காசைக் கையில் கொடுத்து, நல்ல இடத்தையும் உளியில் வந்த பாளத்தையும் தட்டிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு முறை தட்டினார். பிறகு படகின் மறுபக்கம் போய், நான் கவனிக்காமல் விட்ட இன்னொரு ‘பொத்’தை அவரே கண்டுபிடித்துச் சாக்பீஸால் வட்டம் போட்டார்.